மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிறதா?

கார்த்திகைத் தீபத்தன்று மாலை அண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படும் அந்தக் கணத்தில், கீழே கூடியிருக்கும் லட்சக்கணக்கான மக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள். முதலில் கைகூப்புகிறார்கள். பிறகு கூப்பிய கையை விலக்கிச் சட்டைப்பையிலிருந்து செல்பேசியை எடுக்கிறார்கள். இரண்டாவது காரியம் தொடங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம் யாருக்கும் யாருடனும் பேச முடிவதில்லை. அழைத்தால் மணி ஒலிப்பதில்லை. ஒலித்தாலும் பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது. இதில் மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஜோதியைப் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் என் தமக்கைக்கு அனுப்ப நானும்தான் முயல்கிறேன்.

ஆனால் மாணவ நண்பர்களே, இதே நேரத்தில் கிரிவலப் பாதையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அந்தச் செய்தி ஆம்புலன்சுக்கு எப்படிப் போகும்? இந்தக் கேள்வியைத்தான் இந்த மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு என்னிடம் ஒரு பதிலும் உண்டு. அது பழங்காலத்து விடையாகச் சிலருக்குத் தோன்றும்: ஊர்தியில் பொருத்திய கம்பியில்லாக் கருவி. போலீஸ் ஜீப்பில் சுருள் கம்பியோடு தொங்குமே, பேசுபவர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘ஓவர்’ என்பாரே, அதேதான். எல்லார் கையிலும் செல்பேசி இருக்கும் காலத்தில் அதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் கருத்து தவறு என்பது என் எண்ணம். எனக்குள்ள காரணங்கள் பெரும்பாலும் இயற்பியலிலிருந்து வருபவை.

செல்பேசிக் கோபுரம் ஒன்று ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய பேச்சுகளுக்கும் தகவல்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஊரின் சாதாரண நாளைக் கணக்கில் வைத்து அந்த எல்லை அமைக்கப்படுகிறது. திருவிழாக்களின்போது தற்காலிகக் கோபுரங்களைக் கொண்டுவந்து நிறுத்துவது உண்டென்றாலும் கூட்டம் அதையும் விஞ்சிவிடும். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. செல்பேசி ஒருவருக்கு ஒருவர் பேசும் கருவி. கம்பியில்லாக் கருவி ஒருவர் பலருக்குப் பேசும் கருவி. பத்து ஊர்திகளுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால் செல்பேசியில் பொதுவாகப் பத்து அழைப்புகள். இங்கே ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்தினால் போதும்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியை இந்த ஊர் மறக்காது. பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த மறுநாள் அது. விடாத மழையில் அண்ணாமலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள், உங்களையும் உங்கள் தம்பி தங்கைகளையும் ஒத்த வயதினர். அடுத்த சில நாட்களில் வந்த தீபத் திருவிழாவில் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அப்படிப்பட்ட ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். சரிவின் மேலே நிற்கும் மீட்பு வீரர், ‘இன்னொரு பாறை அசைகிறது, விலகுங்கள்’ என்று கீழே தோண்டிக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் சொல்ல வேண்டும். எண்ணைத் தேடி, அழுத்தி, மணி ஒலித்து, எதிரே ஒருவர் எடுத்துப் பேசும் வரை பாறை காத்திருக்குமா?

மழை வெள்ளத்தில் கோபுரங்களுக்கு மின்சாரம் அற்றுப்போனால் அவற்றின் மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கும். 2015 டிசம்பரில் சென்னையில் பல பகுதிகளில் செல்பேசிகள் ஊமையாகிப் போனதை உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது நடந்ததும் குறிப்பிடத்தக்கது. பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ‘ஹாம்’ எனப்படும் பயில்நிலை வானொலியினர் சிலர் அப்போது போர்ட் பிளேரில் இருந்தார்கள். உலகெங்கும் உள்ள மற்ற ஹாம்களுடன் அந்தமானிலிருந்து தொடர்பு கொண்டு பார்ப்பதற்காகப் போனவர்கள் அவர்கள். தொலைபேசிகள் செயலிழந்ததும் அதே கருவிகளைக் கொண்டு, யார் உயிருடன் இருக்கிறார்கள் என்ற செய்திகளைத் தாய்நாட்டுக் கரைக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

இனி கருவியைப் பார்ப்போம். ஊர்திகளில் வைக்கும் கருவிகள் பல, 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் வேலை செய்பவை. ஒளியின் வேகத்தை இந்த அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் 2 மீட்டர் என்று வரும். ஊர்தியின் கூரைமேல் நிற்கும் ஏரியல் இதில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ அரை மீட்டர் நீளம் இருக்கும். மீதிக் கால் பங்கு எங்கே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கூரையின் தகடு ஒரு கண்ணாடி போல நின்று, ஏரியலின் பிம்பத்தைத் தனக்குக் கீழே உண்டாக்கிக்கொள்கிறது. கம்பி பாதி, பிம்பம் பாதி. ஆகவே ஏரியலுக்குச் சிறந்த இடம் கூரையின் நடு மையம். சுழல் விளக்கும் சைரனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஏரியலை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிடும் ஊர்திகளைப் பார்த்திருக்கிறேன். தள்ளியவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒரு திசையில் மட்டும் ‘சிக்னல் சரியில்லை’ என்று ஓட்டுநர்தான் அலுத்துக்கொள்வார்.

கையடக்கக் கருவி சுமார் 5 வாட் திறனில் பேசுகிறது. ஊர்திக் கருவி சுமார் 25 வாட். ஐந்து மடங்கு திறன் இருந்தால் ஐந்து மடங்கு தூரம் எட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். திறன் தூரத்தின் இருமடிக்கேற்பக் குறைவதால், தடையற்ற வெளியில்கூட √5, அதாவது 2.2 மடங்குதான் கிடைக்கும். உண்மையான ஆதாயம் ஏரியல் ஊர்திக்கு வெளியே நிற்பதில் இருக்கிறது. ஊர்தியின் உள்ளே உட்கார்ந்து கையடக்கக் கருவியில் பேசுபவர், இரும்புக் கூட்டுக்குள் இருந்து கூவும் கிளிதான். பாரடேயின் கூண்டு பற்றி உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.

இந்தக் கருவியின் வரலாறும் சுவையானது. 1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ் தங்கள் கார்களில் வானொலிப் பெட்டிகளைப் பொருத்தியது. அவை கேட்க மட்டுமே வல்லவை. செய்தி கிடைத்த காவலர் பதில் சொல்ல வேண்டுமானால் காரை நிறுத்தித் தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும்! 1933இல் நியூஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரில்தான் காரிலிருந்தே பதில் பேசும் வசதி வந்தது. ஆனால் எஞ்சினின் தீப்பொறிகள் எழுப்பும் இரைச்சல் பேச்சை விழுங்கியது. தீப்பொறி அலையின் வீச்சைக் கெடுக்கிறது. அக்காலக் கருவிகளோ வீச்சில்தான் பேச்சை ஏற்றி அனுப்பின. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்றம், நீங்கள் எப்.எம். என்று சொல்வது, பேச்சை அதிர்வெண் மாற்றங்களில் ஏற்றியது. வீச்சில் விழும் குப்பையைப் பெறும் கருவி வெட்டி எறிந்துவிட முடிந்தது. 1940இல் கனெக்டிகட் மாநிலப் போலீஸ் அம்முறையைத் தன் ஊர்திகளில் கையாண்டது. அன்றிலிருந்து உலகெங்கும் ஊர்தி வானொலி பெரும்பாலும் அந்த வழியில்தான் சென்றது. இப்போது எண்முறைக் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒலி தெளிவு. ஆனால் எல்லையைத் தாண்டினால் இரைச்சலோடாவது கேட்கும் என்பதில்லை, ஒரேயடியாக அறுந்துவிடும்.

இப்போது நம் மலைக்கு வருவோம். அண்ணாமலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். நகரின் தரையிலிருந்து பார்த்தால் 600 மீட்டருக்கு மேல். சுற்றுப்பாதை 14 கிலோமீட்டர். இதை ஒரு வட்டமாக எண்ணினால் விட்டம் நாலரை கிலோமீட்டர்தான். கிழக்கே கோயிலருகே ஒரு கட்டுப்பாட்டு அறை. நேர் மேற்கே வருண லிங்கத்தருகே ஓர் ஊர்தி. இடைவெளி வெறும் நாலரை கிலோமீட்டர். சமவெளியில் ஊர்திக் கருவிக்கு இது விளையாட்டு. ஆனால் நடுவில் ஒரு மலை.

அலை தடையைச் சுற்றி வளையுமே, விளிம்பு விளைவு என்று படித்திருக்கிறோமே என்பீர்கள். வளையும், ஆனால் எவ்வளவு வளையும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. மத்திய அலை வானொலியின் அலைநீளம் ஏறத்தாழ 190 முதல் 560 மீட்டர் வரை. மலையோடு ஒப்பிடத்தக்க அளவு அது. ஆகவே நன்றாகவே வளைந்து செல்லும். நம் 2 மீட்டர் அலைக்கோ அந்த மலை முந்நூறு அலைநீள உயரமுள்ள சுவர். அதன் பின்னே விழுவது ஆழ்ந்த நிழல். வெயிலில் மலைக்கு ஒரு நிழல் இருப்பதுபோல வானொலிக்கும் ஒரு நிழல் உண்டு. சூரியனின் நிழல் நகரும். கட்டுப்பாட்டு அறை ஒரே இடத்தில் இருப்பதால் இந்த நிழல் நகராது. அந்த நிழலில் நின்று கூப்பிடும் ஓட்டுநர் தன் கருவி பழுது என்று நினைக்கிறார். கருவியில் ஒரு குறையும் இல்லை.

இதற்கு மருந்து ரிப்பீட்டர் எனப்படும் கருவி. உயரமான இடத்தில் இருந்துகொண்டு, ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை அதே நொடியில் இன்னோர் அதிர்வெண்ணில் உரக்கச் சொல்லும் தூதன் அது. மலையுச்சியில் வைத்தால் சுற்றிலும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வரை அதற்கு ‘பார்வை’ கிடைக்கும் என்று கணக்கு சொல்கிறது. முன்னோர் தீபத்தை உச்சியில் ஏற்றினார்கள். உயரத்திலிருந்து அனுப்பும் செய்தி தூரத்துக்குத் தெரியும் என்ற உண்மை அதிலேயே இருக்கிறது. ஆனால் மலை முழுவதையுமே இறைவனாகக் கருதும் ஊரில் உச்சியில் இரும்புக் கம்பம் நடச் சொல்லி நான் வாதாடப் போவதில்லை. அப்படி நடாமலே செய்ய முடியுமா என்று கணக்குப் போடுவதுதான் விஞ்ஞானம் படித்தவனுக்கு அழகு. முடியும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பேசத் தெரியாதவர் கையில் அது பயன்படாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீப இரவில், மாணவர்களோடு ஒரு முதலுதவிப் பந்தலில் தொண்டு செய்துகொண்டிருந்தேன். பந்தலில் ஒரு கையடக்கக் கருவி. அரை கிலோமீட்டர் தள்ளி நின்ற ஓர் ஊர்தியில் அதன் ஜோடி. முதியவர் ஒருவர் நடந்து வந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாணவன் ஒருவன் பொத்தானை அழுத்திப் பேசினான்; பதில் இல்லை. பொத்தானை விட்டால் கருவியில் ஒரு சினிமாப் பாட்டும், இருவர் எங்கே சாப்பிடப் போவது என்று பேசிக்கொள்வதும் கேட்டன. மறுபடி அழைத்தோம்; மறுபடியும் பாட்டு. ஊர்தியின் மைக் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே விழுந்து, அதன் பொத்தான் அழுந்தியபடி சிக்கிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கருவிகளில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. பேசும்போது காது அடைத்திருக்கும். ஆகவே அந்த ஊர்தி தன்னையறியாமல் பேசிக்கொண்டே இருந்தது. எங்களைக் கேட்கவே இல்லை. அது மட்டுமா? அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை பேரின் வாயையும் அது அடைத்துவிட்டது. முடிவில் எங்கள் மாணவன் ஒருவன் கூட்டத்தில் நீந்தி ஓடித்தான் செய்தி சொன்னான். முதியவர் பிழைத்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் தொடர்ந்து பேசினால் தானே துண்டித்துவிடும் அமைப்பு இத்தகைய கருவிகள் பலவற்றில் உண்டு. அந்தக் கருவியில் அதை யாரும் இயக்கி வைக்கவில்லை.

எனவே மைக்கை அதன் கொக்கியில் மாட்டுவதே முதற்பாடம். அடுத்தது, பேசுமுன் கேட்பது. வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் குறுக்கே பேசினால், அதிர்வெண் பண்பேற்றத்தில் வலிமையான அலை மெலிந்ததை முற்றாக மறைத்துவிடும். நீங்கள் அழித்தது யாருடைய கூக்குரல் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. பிறகு, அழுத்தியவுடன் பேசக் கூடாது. ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள ஒரு நொடி வேண்டும். ‘அனுப்பாதீர்கள்’ என்பதை ‘அனுப்பா’ வரை பேசிவிட்டுப் பொத்தானை விடுகிறவர்களும் உண்டு. பாதி வார்த்தை எத்தனை ஆபத்து! எஞ்சினை அணைத்துவிட்டுச் சைரனையும் விளக்கையும் ஓடவிட்டால் 12 வோல்ட் மின்கலம் தளர்ந்துவிடும். அப்போது கேட்பது கேட்கும். ஆனால் பேசப் பொத்தானை அழுத்தினால் கருவி அணைந்துபோகலாம், ஏனெனில் பேசும்போதுதான் அது பல ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது.

தமிழில் பேசும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை. இத்தகைய கருவிகள் சுமார் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே கடத்துகின்றன. இரைச்சலும் சேர்ந்தால், பேச்சு வழக்கின் ‘அம்பது’ ‘ஒம்பது’ ஆகிவிடும்; ‘இருபது’ ‘அறுபது’ ஆகிவிடும். மருந்தின் அளவிலோ ஊர்தியின் எண்ணிலோ இந்தத் தவறு நேர்ந்தால் என்னாகும்? ஆங்கிலத்தில் பேசும் விமானிகள் இதே தொல்லைக்காகத்தான் ஒன்பதைக் குறிக்கும் சொல்லை ‘நைனர்’ என்று நீட்டிச் சொல்கிறார்கள். நாமும் எண்களை ஒவ்வொரு இலக்கமாக, ‘ஐந்து, பூஜ்யம்’ என்று சொல்லப் பழக வேண்டும்.

இடம் சொல்வதில் மட்டும் திருவண்ணாமலைக்கு ஒரு கொடை வாய்த்திருக்கிறது. சுற்றுப்பாதையில் உள்ள எட்டு லிங்கங்களும் எட்டுத் திசைகளின் காவலர் பெயரைக் கொண்டவை. ‘எம லிங்கத்தருகே’ என்றால் மலைக்குத் தெற்கே என்று பொருள். வெளியூரிலிருந்து வந்த ஓட்டுநருக்கும் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ‘டீக்கடைப் பக்கத்திலே, பெரிய மரத்துக்கிட்டே’ என்று சொல்வதைவிட எவ்வளவோ மேல். ஒரே ஓர் எச்சரிக்கை: வருணனும் வாயுவும் அடுத்தடுத்து இருப்பவர்கள், இரைச்சலில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். ‘வாயு, வடமேற்கு’ என்று திசையையும் சேர்த்துச் சொன்னால் குழப்பமில்லை.

செல்பேசியை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவை செல்பேசியைத் துணைகொண்டுதான் எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. நோயாளியின் நிலையை மருத்துவரிடம் அந்தரங்கமாகச் சொல்லவும் செல்பேசிதான் ஏற்றது. கம்பியில்லாக் கருவியில் பேசுவதை அந்த அலைவரிசையில் உள்ள அனைவரும் கேட்பார்கள். ஆனால் பெருங்கூட்டமோ பெருமழையோ வரும் நாட்களிலாவது ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் ஊர்திகள் அனைத்திலும் பொதுவான ஓர் அலைவரிசை திறந்திருக்க வேண்டும். அதில் பேசுபவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கருவி வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள் பயிற்சிக்கு ஒரு நாள் ஒதுக்கத் தயங்குவது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

உரிமம் இல்லாமல் இத்தகைய அலைவரிசைகளில் பேசிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், அது குற்றம். முறையான வழி இருக்கிறது. நம் நாட்டின் 1978ஆம் ஆண்டு விதிகள், 12 வயது நிறைந்தவர்களையே ஹாம் உரிமத் தேர்வு எழுத அனுமதித்தன. அதற்கு வேண்டிய இயற்பியலில் பெரும்பகுதி உங்கள் பாடநூலிலேயே உள்ளது. உங்களில் யாராவது படிக்கத் தொடங்கினால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

உச்சியில் கம்பம் நடாமல் செய்யும் வழியைக் கடைசியில் சொல்கிறேன் என்றேனல்லவா? ஒரு தாளில் வட்டம் வரைந்து அதை மலை என்று கொள்ளுங்கள். பாதை அதன் விளிம்பை ஒட்டியே செல்வதாக வைத்துக்கொள்வோம். வட்டத்துக்கு வெளியே சமவெளியில் ஒரு புள்ளியில் கம்பம் நட்டு, அங்கிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரையுங்கள். அவற்றுக்கு இடையே அகப்படும் வில்தான் அந்தக் கம்பத்துக்குத் தெரியும் பாதை. கம்பத்தை எவ்வளவு தொலைவுக்குக் கொண்டுபோனாலும் அந்த வில் அரைவட்டத்தை எட்டாது. எனவே எதிரெதிரே இரண்டு கம்பங்கள் நட்டாலும் இரு பக்கமும் சிறு இடைவெளி மிஞ்சும். மூன்று நட்டால் மூடிவிடலாம். ஒவ்வொன்றும் மையத்திலிருந்து ஆரத்தைப் போல் இரு மடங்கு தூரத்தில், அதாவது நம் மலைக்குப் பாதையிலிருந்து குறைந்தது இரண்டேகால் கிலோமீட்டர் தள்ளி, 120 பாகை இடைவெளியில் இருக்க வேண்டும். மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் எந்த லிங்கத்தருகே நின்று கூப்பிட்டாலும் எல்லாருக்கும் கேட்கும். உண்மை மலை வட்டமல்ல. பாதையும் சில இடங்களில் அடிவாரத்தை விட்டு விலகிச் செல்கிறது. விலகும் இடங்களில் கம்பங்களுக்கு இன்னும் சற்று அதிகமாகவே தெரியும். எவ்வளவு அதிகம் என்பதை, பாதையின் ஆரத்தை மலையின் ஆரத்தைவிடக் கால் பங்கு கூட்டி நீங்களே வரைந்து பாருங்கள். அப்போது இரண்டு கம்பங்களே போதுமா என்று சோதியுங்கள்.